செங்கோட்டை அறைக்கு மூடிய பெட்டியே போதும்

செங்கோட்டையில் 10-க்கு 12 அடி அறை, கையில் 25,000 ரூபாய், ஹோம் தியேட்டரின் ஐந்து ஸ்பீக்கருக்கும் துளை வைத்த (காற்றுப் போகக் குழாய் பொருத்திய) பெட்டி செய்யலாமா என்று கேட்டிருந்தீர்கள். வேண்டாம். தனியாக சப்வூஃபர் வைக்கப்போகிறீர்கள் அல்லவா? ஸ்பீக்கர்களை இயக்கும் ரிசீவரில் 80 ஹெர்ட்ஸில் பிரித்துவிட்டால் அதற்குக் கீழுள்ள கனத்த ஒலியை சப்வூஃபர் பார்த்துக்கொள்ளும். மூடிய பெட்டி அளவில் கொஞ்சம் முன்பின் ஆனாலும் பொறுத்துக்கொள்ளும். துளைப் பெட்டியில் குழாய் நீளம் தவறினால் ஆண் குரல் பானைக்குள்ளிருந்து வருவது போல இருக்கும்.

நடு ஸ்பீக்கருக்கு நீங்கள் வரைந்திருப்பது, ட்வீட்டருக்கு (கீச்சொலி தரும் சிறு ஸ்பீக்கர்) இருபுறமும் வூஃபர் (கனத்த ஒலி தரும் பெரிய ஸ்பீக்கர்) வைத்துப் படுக்கப் போட்ட பெட்டி. பார்க்க அழகுதான். ஆனால் சோபா ஓரத்தில் உட்காருபவருக்கு இரண்டு வூஃபரின் தூரமும் ஒன்றாக இருக்காது. சில அலைவரிசைகளில் இரண்டின் ஒலியும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு வசனம் மங்கும். இடது, வலதுக்குச் செய்யும் அதே பெட்டியை டிவிக்குக் கீழே நிமிர்த்தி வையுங்கள். இடம் போதாதென்றால் டிவியை நாலு விரற்கடை ஏற்றுங்கள்.

வூஃபர் வாங்கும்போது எஃப்எஸ் (அது இயல்பாக அதிரும் அலைவரிசை), க்யூடிஎஸ் (அந்த அதிர்வு எவ்வளவு அடங்குகிறது என்பது), விஏஎஸ் (அதன் விறைப்புக்கு ஈடான காற்றின் கொள்ளளவு) எண்களைக் கேளுங்கள். அவை இல்லாமல் பெட்டியின் கொள்ளளவைக் கணக்கிடவே முடியாது. வெறும் 'வாட்ஸ்' மட்டும் சொல்லும் கடையை விட்டு வந்துவிடுங்கள்.

அப்புறம் பலகை. நான் முதலில் மரநாரை அழுத்திச் செய்யும் எம்டிஎஃப் பலகையில்தான் செய்தேன். குற்றாலச் சாரல் இரண்டு சீசன் கண்டதும் அடி ஓரம் உப்பி, திருகு கையோடு வந்துவிட்டது. 18 மில்லிமீட்டர் பிளைவுட் போடுங்கள். ஆரியங்காவு தாண்டிக் கேரளாவுக்குப் போய்வருபவர்கள் இருந்தால், பிளைவுட்டுக்குப் பேர்போன பெரும்பாவூர்ப் பலகை என்ன விலை என்று விசாரிக்கச் சொல்லுங்கள். பணம் இடித்தால் முன்பக்கம் மூன்றை மட்டும் முதலில் முடியுங்கள். பின்பக்கம் தீபாவளிக்குப் பார்த்துக்கொள்ளலாம்.