ஆப்பில் முழு மதிப்பெண், நோட்டில் தப்பு: பின்னம் கற்க எந்த மென்பொருள் நல்லது?

கேள்வி: என் மகளுக்குப் பத்து வயது. பின்னக் கணக்கு வரவில்லை என்று டேப்லெட்டில் ஒரு கணக்கு ஆப் போட்டுக் கொடுத்தோம். தினமும் ஆசையாகச் செய்கிறாள். எல்லா லெவலும் முடிந்துவிட்டது, 95 சதவீதம் என்று காட்டுகிறது. ஆனால் பள்ளித் தேர்வில் 1/2 + 1/3 = 2/5 என்று எழுதிவிட்டு வருகிறாள். வேறு நல்ல மென்பொருள் வாங்கலாமா?

பதில்: வாங்குவதற்கு முன் ஒரு வேலை செய்யுங்கள். மகள் பக்கத்தில் இல்லாத நேரத்தில் அந்த ஆப்பை நீங்களே திறந்து, வேண்டுமென்றே தப்பான விடை போடுங்கள். 1/2 + 1/3 வந்தால் 2/5 என்றே போடுங்கள். அது என்ன செய்கிறது?

சிவப்பில் ஒரு குறி போட்டு, 'மறுபடி முயற்சி செய்' என்று மட்டும் சொன்னால் அந்த 95 சதவீதத்தை நம்ப வேண்டாம். நாலு விடைகளில் ஒன்றைத் தொடும் கேள்வியில், ஒன்று தப்பினால் மூன்றுதான் மிச்சம், அப்புறம் இரண்டு. ஒன்றும் புரியாமலே லெவலை முடித்துவிடலாம். நல்ல மென்பொருள் அவள் போட்ட 2/5-ஐயே எடுத்து 1/2-க்குப் பக்கத்தில் வரைந்து காட்டும். 2/5 பாதியைவிடச் சின்னது. பாதியோடு இன்னொன்றைக் கூட்டினால் பாதியைவிடக் குறையுமா? இந்தச் சந்தேகம் அவளுக்கே வர வேண்டும். சரியான விடையை உடனே காட்டிவிடும் ஆப் அந்த வாய்ப்பைப் பறித்துவிடுகிறது.

உங்கள் மகளுடையது கவனக்குறைவு இல்லை. பின்னத்தை ஒரே எண்ணாகப் பார்க்காமல், கோட்டுக்கு மேலே ஒன்று, கீழே ஒன்று என இரண்டு முழு எண்களாகப் பார்க்கிறாள். அதனால் மேலே உள்ளதை மேலேயும் கீழே உள்ளதைக் கீழேயும் கூட்டுகிறாள். 1978-ல் அமெரிக்க தேசியக் கல்வி மதிப்பீட்டில் 12/13 + 7/8 ஏறக்குறைய எவ்வளவு என்று கேட்டார்கள். இரண்டுமே ஒன்றை ஒட்டியவை, ஆகவே விடை 2. பதின்மூன்று வயதுப் பிள்ளைகளில் 24 சதவீதம் பேர்தான் அப்படிச் சொன்னார்கள். பாதிக்கு மேற்பட்டவர்கள் 19 அல்லது 21-ஐத் தேர்ந்தெடுத்தார்கள். மேலே உள்ள தொகுதிகளைக் கூட்டினால் 19, கீழே உள்ள பகுதிகளைக் கூட்டினால் 21. அவ்வளவுதான் விஷயம்.

இந்தப் பார்வையோடு இருக்கும் குழந்தையும் பல ஆப்களில் தேறிவிடும். ஐந்து கட்டங்களில் மூன்றுக்கு நிறம் அடித்து 'பின்னம் என்ன?' என்று கேட்டால், எண்ணத் தெரிந்தாலே 3/5 எழுதலாம். 2/7, 5/7 இரண்டில் எது பெரிது என்றால் 2, 5 மட்டும் பார்த்தால் போதும். 3/5, 3/8 என்று கேட்டுப் பாருங்கள், 8 பெரிய எண் என்பதால் 3/8 என்பாள். 5/12, 2/3 கொடுத்தால் இன்னும் தெளிவாகத் தெரியும். இந்த மாதிரிக் கேள்விகள் இல்லாத ஆப், எத்தனை பேட்ஜ் கொடுத்தாலும், எண்ணுவதற்குத்தான் பயிற்சி தருகிறது.

அடுத்து படம். பெரும்பாலான மென்பொருள்கள் வட்டத்தைத் துண்டு போடுவதோடு நின்றுவிடுகின்றன. தொடக்கத்துக்கு வட்டம் நல்லதுதான். ஆனால் 7/4 வரும்போது இரண்டு வட்டங்கள் வரும், மொத்தம் எட்டுத் துண்டு, அதில் ஏழுக்கு நிறம். குழந்தை 7/8 என்று எழுதும். அது எண்ணியதில் தப்பில்லை. எது 'ஒன்று' என்பதைத்தான் படம் சொல்லவில்லை. எண்கோட்டில் இந்தக் குழப்பத்துக்கு இடம் குறைவு. 0, 1, 2 மூன்றும் கண் முன்னால் நிற்கும், 7/4 என்பது 2-க்குக் கொஞ்சம் முன்னால் ஓர் இடம். 1/2, 2/4, 3/6 எல்லாம் ஒரே புள்ளியில் வந்து விழுவதையும் அங்கே பார்க்கலாம். சமான பின்னத்துக்கு இதைவிட நல்ல விளக்கம் எனக்குத் தெரியாது. ஆகவே குழந்தை தானே கோட்டைப் பிரித்து, பின்னத்தை இழுத்து வைக்கிற மாதிரி இருக்கும் மென்பொருளைத் தேடுங்கள்.

இதற்குக் காசு செலவழிக்க வேண்டிய அவசியமில்லை. கொலராடோ போல்டர் பல்கலைக்கழகத்தின் ஃபெட் (PhET) என்ற இலவச மென்பொருள் தொகுப்பில் பின்னங்களுக்கென்றே சில உண்டு. அறிமுகப் பகுதியில் தொகுதியையும் பகுதியையும் மாற்ற மாற்ற, வட்டம், பட்டை, எண்கோடு என நாம் தேர்ந்தெடுக்கும் படம் கூடவே மாறும். பிரவுசரிலேயே ஓடும். ஒரு குறை, அது தானாகப் பாடம் நடத்தாது. 'பகுதியை 4-லிருந்து 8 ஆக்கினால் துண்டு பெரிதாகுமா சின்னதாகுமா? முதலில் சொல், அப்புறம் அழுத்து' என்று கேட்க நீங்கள் பக்கத்தில் உட்கார வேண்டும். உட்கார முடியாத நாளில் கான் அகாடமி என்ற இணையப் பாடத் தளம் பரவாயில்லை, வரிசையாகக் கொண்டுபோகும். ஆனால் குறிப்பு காட்டும் பொத்தானை விடாமல் அழுத்தி விடை வரை போய்விடும் பிள்ளைகள் உண்டு, கவனியுங்கள். கணக்குப் படங்களை வரைந்து அசைத்துப் பார்க்க உதவும் ஜியோஜீப்ராவும் இலவசம்தான், ஆனால் அதைச் சொந்தமாக அமைக்கத் தெரிந்த ஆசிரியருக்குத்தான் முழுப் பலன்.

கடிகாரம் ஓடும் விளையாட்டுகளை இப்போதைக்கு மூடி வையுங்கள். அவசரப்படுத்தினால் பழைய பழக்கம்தான் முதலில் கைக்கு வரும்.

திரையில் செய்தது தாளுக்குத் தானாக வந்துவிடாது. திரையை மூடியதும் அதே கணக்கை நோட்டில் செய்யச் சொல்லுங்கள். 12 சென்டிமீட்டர் நீளத்தில் ஒரு கோடு போடட்டும், அதுதான் ஒன்று. பாதி 6 சென்டிமீட்டர், மூன்றில் ஒரு பங்கு 4. சேர்த்து வைத்தால் 10, அதாவது 10/12, சுருக்கினால் 5/6. ஏன் 12 என்று அவளே கேட்டால் நல்லது. 10 சென்டிமீட்டர் கோட்டில் மூன்றில் ஒரு பங்கை அளந்து பார்க்கச் சொல்லுங்கள், ஸ்கேலில் சரியாக வராது. மீச்சிறு பொது மடங்கு, அதாவது இரண்டு பகுதிகளாலும் மீதியின்றி வகுபடும் மிகச் சின்ன எண், எதற்கு என்று புத்தகம் சொல்லாத காரணம் இங்கே கிடைக்கும். 6 சென்டிமீட்டர் கோடே போதுமே என்று அவள் கண்டுபிடித்தால் இன்னும் நல்லது. கணக்குப் போடும் முன்பே 'விடை பாதிக்கு மேலா கீழா, ஒன்றைத் தாண்டுமா?' என்று வாயால் சொல்லும் பழக்கம் வரும் வரை கூட்டலிலேயே இருங்கள்.

பெருக்கலுக்கு எண்கோடு அவ்வளவு உதவாது. அங்கே செவ்வகம் காட்டும் மென்பொருள் வேண்டும். 2/3 × 3/4 என்றால் ஒரு பக்கத்தை மூன்றாகவும் மறுபக்கத்தை நாலாகவும் பிரித்தால் 12 கட்டங்கள். ஒரு பக்கம் இரண்டு, மறுபக்கம் மூன்று என எடுத்தால் அவை சேருமிடத்தில் 6 கட்டம், அதாவது பாதி. பெருக்கினால் எண் கூடத்தானே செய்யும் என்று அப்போது அவள் கேட்பாள். உடனே விளக்கிவிடாமல் அந்த 6 கட்டங்களையே காட்டி, முழுச் செவ்வகத்தில் 3/4 எவ்வளவு, அந்த 3/4-இல் மூன்றில் இரண்டு பங்கு எவ்வளவு என்று எண்ணச் சொல்லுங்கள்.