யாருடைய முழம்?

அன்புள்ள அக்கா,

ஞாயிறு பள்ளி ஆசிரியர்களைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்த தைரியத்தில் இதை எழுதுகிறேன். எங்கள் சபையில் 7 மாதங்களாக வெள்ளிக்கிழமை மாலைகளில் பைபிள் கிளப் நடத்துகிறேன். ஒன்றாம் வகுப்பிலிருந்து ஐந்தாம் வகுப்பு வரை உள்ள பிள்ளைகள் வருகிறார்கள். முதல் வாரம் 40 பேர் வந்தார்கள். இப்போது 25 பேர் வந்தாலே பெரிய விஷயம். உதவிக்கு இரண்டு பேர். கிட்டார் வாசிக்கும் மாமா ஒருவர், கல்லூரியில் படிக்கும் தம்பி ஒருவன். தூரத்துப் பிள்ளைகளை முடிந்ததும் அந்தத் தம்பிதான் தன் வண்டியில் கொண்டுபோய் விடுகிறான்.

ஒன்றரை மணி நேரத்தில் ஆரம்ப ஜெபம், பாட்டு, ஆக்‌ஷன் சாங், மனப்பாட வசனம், கதை, வினாடி வினா, கைவேலை, விளையாட்டு, முடிவு ஜெபம் எல்லாம் வைத்திருக்கிறேன். வசனம் சொன்னால் நட்சத்திரம் ஒட்டுவோம். ஒரு பிள்ளை 31 நட்சத்திரம் வாங்கியிருக்கிறாள். நான்காம் வகுப்புப் பையன் ஒருவனுக்கு இரண்டே இரண்டு. அவன் எதிலும் சேருவதில்லை, ஜன்னல் திண்டில் ஏறி உட்கார்ந்துகொள்கிறான். சொன்ன இரண்டு வசனமும் ஏமாற்று வேலை. "எப்பொழுதும் சந்தோஷமாயிருங்கள்" என்பான், அடுத்த வாரம் "இடைவிடாமல் ஜெபம்பண்ணுங்கள்" என்பான். மறுபடி ஜன்னலுக்கு ஓடிவிடுவான்.

போன வாரம் சபை மூப்பர் ஒருவர், "இதுவரை எத்தனை பிள்ளைகள் ரட்சிக்கப்பட்டார்கள்?" என்று எல்லார் முன்னாலும் கேட்டார். பதில் சொல்லத் தெரியவில்லை. பரிசுகளைப் பெரிதாக்கலாமா, இல்லை எல்லாவற்றையும் நிறுத்திவிடலாமா என்று இருக்கிறது.

உங்கள் வாசகி

*

அன்புள்ள தங்கைக்கு,

மூப்பரின் கேள்வி கொஞ்சம் காத்திருக்கட்டும். உங்கள் பட்டியலை எண்ணிப் பார்த்தேன், மொத்தம் 9 உருப்படி. இடையில் உட்காரவைப்பது, தண்ணீர் குடிக்க விடுவது, சண்டை விலக்குவது இவற்றுக்குப் போக கதைக்கு 8 நிமிடம் மிஞ்சினால் அதிகம். பிள்ளைகள் வராமல் போவதற்குப் பரிசு சிறியதாக இருப்பது காரணம் என்று எனக்குத் தோன்றவில்லை. அங்கே எதுவும் நடந்து முடிவதற்குள் அடுத்தது தொடங்கிவிடுகிறது.

நானும் இதைத்தான் செய்துகொண்டிருந்தேன். சிறுவன் தாவீது ராட்சதன் கோலியாத்தைக் கவண்கல்லால் வீழ்த்திய கதையை 10 நிமிடத்தில் ஓட்டிவிட்டு, "நம் வாழ்க்கையில் இருக்கிற கோலியாத் யார்?" என்று கேட்பேன். பொய், கோபம், சோம்பல் என்று மூன்று பதில்களை அவர்கள் வாயிலிருந்து பிடுங்கிக்கொண்டு ஜெபித்து அனுப்பிவிடுவேன். அந்தப் பதில்களைச் சொல்ல யாரும் கதையே கேட்டிருக்க வேண்டாம் என்பது எனக்கு உறைக்கச் சில வருடங்கள் ஆயின.

ஒரு வாரம் குறிப்புத் தாளை வீட்டிலேயே மறந்துவிட்டு வந்தேன். வேறு வழியில்லாமல் பைபிளைத் திறந்து 1 சாமுவேல் 17-ஆம் அதிகாரத்தை அப்படியே வாசித்தேன். நான்காம் வசனத்தில் கோலியாத்தின் உயரம் வருகிறது, ஆறு முழமும் ஒரு ஜாணும். "முழம்னா என்ன டீச்சர்?" என்றான் ஒருவன். முழங்கையிலிருந்து நடுவிரல் நுனி வரை என்று காட்டினேன். உடனே எழுந்து போய் சாக்பீஸை எடுத்துக்கொண்டு தரையில் குப்புற விழுந்தான். தன் கையாலேயே ஆறு முழம் அளந்து, ஒரு ஜாண் வைத்து, கோடு போட்டு எழுந்து பார்த்தான். முகம் விழுந்துவிட்டது. "இவ்ளோதானா?" என்றான். அவனுடைய கோலியாத் கதவு நிலைக்குக் கொஞ்சம் மேலே நின்றுவிட்டான்.

அப்புறம் என்ன, ஆளாளுக்கு ஒரு கோலியாத். ஐந்தாம் வகுப்புப் பெண்ணின் கோலியாத் இன்னும் கொஞ்சம் நீளம், ஒன்றாம் வகுப்புக் குட்டியினுடையவன் அவளுடைய அப்பாவை விடக் குள்ளம். தரை முழுக்கக் கோடு. "பைபிளில் இருக்கிறது யாரோட முழம்?" என்று சண்டை. வளர்ந்த ஆளின் முழம், ஏறக்குறைய 45 சென்டிமீட்டர் என்று சொல்லி நானும் மண்டியிட்டு அளந்தேன். ஒன்பதே முக்கால் அடி வந்தது. அந்தக் கோட்டின் மேல் இரண்டு பேர் தலையும் காலுமாகப் படுத்தும் போதவில்லை. மூன்றாவதாக ஒருத்தி படுத்தாள், அவளுக்கும் இடுப்பு வரைதான் இடம் கிடைத்தது. யாரும் சொல்லாமலே அறை அமைதியாகிவிட்டது.

(பைபிளின் பழைய கிரேக்க மொழிபெயர்ப்பிலும் சாக்கடல் பக்கம் கிடைத்த பழைய சுருள் ஒன்றிலும் கோலியாத்தின் உயரம் நான்கு முழமும் ஒரு ஜாணும் என்று இருப்பதை வெகுகாலம் கழித்துத்தான் தெரிந்துகொண்டேன். அதாவது ஆறே முக்கால் அடி. அந்தப் பையனின் கோலியாத் அதற்கு அரை அடி பக்கத்தில் வந்துவிட்டான். அன்றைக்கு இது தெரிந்திருந்தால் அவனுக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்திருக்கும்!)

அன்று பாட்டு இல்லை, கைவேலை இல்லை. சவுல் ராஜாவின் கவசத்தைப் போட்டுக்கொண்டு தாவீதால் நடக்க முடியாமல் போன இடத்தில் ஒரு பையன் எழுந்து நடித்தே காட்டினான். ஐந்து கூழாங்கல் வந்தபோது ஒருத்தி கேட்டாள். "ஒரு கல்லுலயே விழுந்துட்டான்ல, அப்ப அஞ்சு எதுக்கு எடுத்தாரு? நம்பிக்கை இல்லையா?" இதற்குப் பிரசங்கிமார் வைத்திருக்கும் பதில்கள் சில எனக்குத் தெரியும். ஆனால் அவள் கேட்ட மாதிரிக் கேட்டபோது எதுவும் வாயில் வரவில்லை. எனக்குத் தெரியவில்லை, நீ என்ன நினைக்கிறாய் என்றேன். யோசித்துவிட்டு, "குறி தப்பிடுச்சுன்னா?" என்றாள். அதோடு நேரம் முடிந்துவிட்டது. 'ஆகவே பிள்ளைகளே' என்று நான் எதையும் சொல்லவில்லை. அடுத்த வாரம் அவள் தன் தோழியையும் கூட்டிக்கொண்டு வந்தாள்.

ஆகவே உங்கள் ஒன்பதில் பாதியை வெட்டுங்கள் என்பதுதான் என் யோசனை. பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் நாள் பூராவும் உட்கார்ந்துவிட்டு வருகிறார்கள், வந்ததும் மறுபடி உட்காரச் சொன்னால் எப்படி? முதல் 20 நிமிடம் ஓடி விளையாடட்டும். பிறகு இரண்டு பாட்டு. மிச்ச நேரம் முழுக்க ஒரு கதை, அதைச் சுற்றி அவர்கள் கேட்பது, அளப்பது, வரைவது, நடிப்பது. ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குச் சலிக்கிறதென்றால் வாசிப்பதையும் அளப்பதையும் அவர்களிடம் கொடுங்கள். சின்னவர்களை அதட்டி உட்காரவைக்கும் வேலையை மட்டும் கொடுக்காதீர்கள், அதை அவர்கள் அளவுக்கு மீறி நன்றாகச் செய்வார்கள்.

கதைக்கும் வயது உண்டு. ஆபிரகாம் தன் மகன் ஈசாக்கைப் பலியிடப்போன கதையை ஒருமுறை ஆறு வயதுப் பிள்ளைகளிடம் உருக்கமாகச் சொல்லித் தொலைத்தேன். கடைசியில் மகனுக்குப் பதிலாக ஆட்டுக்கடா வந்ததெல்லாம் ஒரு சிறுமியின் காதில் ஏறவே இல்லை. அன்றிரவு அவள் அப்பா பக்கத்தில் படுக்க மாட்டேன் என்று அழுதிருக்கிறாள். அவளுடைய அம்மா என்னிடம் வந்து சொன்னபோது நான் எங்கே பார்த்துப் பேசுவது என்று தெரியாமல் நின்றேன். அந்தக் கதை பத்து வயதுக்கு மேல் இருக்கட்டும்.

மனப்பாட வசனத்தை நிறுத்தச் சொல்லவில்லை. நான் சிறுவயதில் படித்த வசனங்கள் பல வருடம் கழித்து, தேவைப்பட்ட நேரத்தில் தானாக வந்து நின்றிருக்கின்றன. ஆனால் வாரம் ஒன்று என்பது அதிகம். நம் வேதாகமத்தின் தமிழ் பழைய தமிழ், பிள்ளைகள் பேசும் தமிழ் இல்லை. "கர்த்தர் என் மேய்ப்பராயிருக்கிறார்; நான் தாழ்ச்சியடையேன்" என்பதைத் தங்குதடையில்லாமல் ஒப்பித்த ஒரு சிறுவனிடம் தாழ்ச்சியடையேன் என்றால் என்னடா என்று கேட்டேன். "குள்ளமாக மாட்டேன்" என்றான். அவன் வகுப்பிலேயே குட்டையானவன். அந்த வசனத்தை அவன் ஏன் அவ்வளவு விரும்பிச் சொன்னான் என்று அப்போதுதான் புரிந்தது. எனக்கு ஒரு குறையும் வராது என்பதுதான் பொருள் என்று திருத்தத்தான் வேண்டியிருந்தது, ஆனாலும் மனசே இல்லை. மாதம் ஒரு வசனம் போதும். நான்கு வாரமும் அதையே சொல்லி, அதைத் தன் பேச்சில் சொல்லவைத்து, கடைசி வாரம் மூலத்துக்குத் திரும்பலாம்.

இப்போது நட்சத்திரப் பலகை. அதைக் கழற்றிவிடுங்கள். 31 வாங்கிய பிள்ளையின் வீட்டில் உட்காரவைத்து வசனம் சொல்லித்தர யாரோ இருக்கிறார்கள் என்பதைத் தவிர அந்தப் பலகை உங்களுக்கு எதையும் சொல்லவில்லை. இரண்டு நட்சத்திரப் பையனைப் பற்றியோ அது தவறான தகவலைத்தான் தருகிறது. எப்பொழுதும் சந்தோஷமாயிருங்கள், இடைவிடாமல் ஜெபம்பண்ணுங்கள். இவை 1 தெசலோனிக்கேயர் 5-ஆம் அதிகாரத்தில் 16, 17, அடுத்தடுத்த வசனங்கள். சிறிய வசனம் கேட்டால் எல்லாப் பிள்ளைகளும் "இயேசு கண்ணீர் விட்டார்" என்றுதான் சொல்லும், ஏனென்றால் அதுதான் ஊருக்கே தெரிந்தது. தமிழில் அது மூன்று வார்த்தை. உங்கள் பையன் சொன்னவை இரண்டு வார்த்தை. யாரும் சொல்லித்தராமல் இருந்திருந்தால் அவன் புதிய ஏற்பாட்டின் பின்பகுதி வரை தேடிப் போயிருக்கிறான். உங்கள் 25 பேரில் பைபிளைத் தானாகத் திறந்து புரட்டிய ஆள் அனேகமாக இவன் ஒருவன்தான். இதையா ஏமாற்று வேலை என்கிறீர்கள்?

அவனுக்கு வாசிப்பு திணறுகிறதா என்றும் சத்தமில்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். வரிசையாக ஆளுக்கொரு வசனம் வாசிக்கச் சொல்லும்போது தன் முறை வருமுன் தண்ணீர் குடிக்க ஓடும் பிள்ளைகளை நிறையப் பார்த்திருக்கிறேன். நான்காம் வகுப்புப் பையன் சின்ன வசனமாகத் தேடுவதற்கு அதுவும் காரணமாக இருக்கலாம். அப்படியென்றால் தனியாகக் கூப்பிட்டு வைக்காமல், எல்லாரும் வரைந்துகொண்டிருக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து அவனோடு நான்கு வரி வாசியுங்கள். அது நம் வேலை இல்லை என்று யாராவது சொன்னால், ராபர்ட் ராய்க்ஸ் 1780-இல் இங்கிலாந்தின் குளோஸ்டரில் ஞாயிறு பள்ளி நடத்தத் தொடங்கியதே வாரத்தில் ஆறு நாளும் வேலைக்குப் போன ஏழைப் பிள்ளைகளுக்கு எழுத்தறிவு கொடுக்கத்தான் என்று சொல்லுங்கள். வாசிக்கக் கற்றுக்கொண்ட புத்தகம் பைபிள்.

ஒரு விஷயத்தில் மட்டும் கண்டிப்பாக இருக்கப்போகிறேன். அந்தத் தம்பி பிள்ளைகளைத் தனியாக வண்டியில் கொண்டுபோய் விடுவதை இந்த வாரமே நிறுத்துங்கள். அவன் மேல் சந்தேகம் என்று இல்லை, என் சொந்தத் தம்பியாக இருந்தாலும் இதையேதான் சொல்வேன். எந்தப் பெரியவரும் எந்தப் பிள்ளையோடும் தனியாக இருக்கக்கூடாது. அறையில் எப்போதும் பெரியவர்கள் இரண்டு பேர், கதவு திறந்து. பெற்றோர் யாரை எழுதிக் கொடுத்தார்களோ அவரிடம் மட்டுமே பிள்ளையை ஒப்படைக்க வேண்டும். கூட்டிப்போக யாரும் வராவிட்டால் வரும் வரை நீங்கள் இருவர் காத்திருங்கள். கேட்காமல் பிள்ளைகளின் போட்டோவை வாட்ஸ்அப்பில் போடாதீர்கள். சபைக்கு வராத குடும்பத்துப் பிள்ளைகள் வந்தால், இங்கே பைபிள் கதை சொல்கிறோம், ஜெபம் செய்கிறோம் என்று அவர்கள் வீட்டில் வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள். விளையாட்டு வகுப்பு என்று மட்டும் சொல்லிக் கூப்பிடுவது சரியில்லை.

சரி, மூப்பர். எனக்கும் அந்தக் கேள்வி வந்தது. ஒரு வருடம் அதற்குப் பயந்து கடைசி வாரத்தில் கண்களை மூடச் சொல்லி, இயேசுவை ஏற்றுக்கொள்கிறவர்கள் கையைத் தூக்குங்கள் என்றேன். 19 கைகள். அறிக்கையில் பெருமையாக எழுதினேன். மறுவாரம் ஒரு சிறுமி, "இன்னைக்கும் தூக்கணுமா டீச்சர்?" என்று கேட்டாள். ஏழு வயதில் டீச்சருக்குப் பிடிக்குமென்றால் இரண்டு கையையும் தூக்குவார்கள். அவர்களுக்கு அதில் பொய் எதுவும் இல்லை, எண்ணி எழுதிய எனக்குத்தான் இருந்தது. அதற்குப் பிறகு எண்ணவில்லை.

மூப்பருக்குப் பதில் சொல்ல வேண்டாம். ஒரு வெள்ளிக்கிழமை வந்து கோலியாத்தை அளக்கக் கூப்பிடுங்கள். வளர்ந்த ஆளின் முழம் எப்படியும் தேவைப்படும். "சிறு பிள்ளைகள் என்னிடத்தில் வருகிறதற்கு இடங்கொடுங்கள், அவர்களைத் தடைபண்ணாதிருங்கள்" என்பது இயேசு பிள்ளைகளிடம் சொன்னது இல்லை, அவர்களைக் கூட்டிவந்தவர்களை அதட்டிக்கொண்டிருந்த சீஷர்களிடம் சொன்னது. இதை மட்டும் அவரிடம் சொல்லிவிடாதீர்கள், எனக்கும் ஒரு சபை இருக்கிறது.

அடுத்த வாரத்துக்குக் கதை வேண்டுமென்றால் அப்போஸ்தலர் 20-ஆம் அதிகாரத்தை எடுங்கள். ஐத்திகு என்ற வாலிபன் ஜன்னலில் உட்கார்ந்திருக்கிறான். பவுல் நடுராத்திரி வரை பேசிக்கொண்டே போகிறார். இவன் தூங்கி மூன்றாம் மாடியிலிருந்து விழுந்துவிடுகிறான். பவுல் இறங்கி ஓடிவந்து அவனை அணைத்துக்கொள்கிறார், அவன் பிழைத்துக்கொள்கிறான். இவ்வளவு நடந்த பிறகும் மேலே போய் விடியும் வரை மறுபடி பேசுகிறார் என்பதைப் பிள்ளைகள் கவனிக்காமல் விடமாட்டார்கள். அந்த இடத்தை ஜன்னல் பையனையே வாசிக்கச் சொல்லலாம். தொடங்கும் முன் அவனைத் திண்டிலிருந்து இறக்கிவிடுங்கள்.

அன்புடன்,
அக்கா