தங்கவயல் சுரங்கத்துக்குள் கூட்டிப்போகிறேன் என்கிறார் ஏஜென்ட்: நம்பலாமா?

கேள்வி: நாங்கள் ஆம்பூர். கே.ஜி.எஃப். படம் பார்த்ததிலிருந்து பிள்ளைகள் இருவரும் (13 வயது, 8 வயது) கோலார் தங்கவயலைப் பார்த்தே ஆகவேண்டும் என்கிறார்கள். 68 வயது அம்மாவும் வருவார். ஓர் ஏஜென்ட், "ஒரே நாளில் சுரங்கத்துக்கு உள்ளே, சயனைடு மலை உச்சி, ஷூட்டிங் நடந்த இடம், கோடிலிங்கேஸ்வரர், அந்தரகங்கை குகை, முல்பாகல் தோசை எல்லாம் முடித்துவிடலாம், தலைக்கு 1,800 ரூபாய்" என்கிறார். 2,000 ரூபாய் முன்பணம் ஜிபேயில் அனுப்பியாயிற்று. சுரங்கத்துக்குள் எவ்வளவு தூரம் விடுவார்கள்? பிள்ளைகளுக்கு ஹெல்மெட் அங்கேயே கிடைக்குமா?

பதில்: ஹெல்மெட்டைப் பற்றிய கவலையே வேண்டாம். உள்ளே யாரையும் விடுவதில்லை. சுற்றுலாப் பயணிக்கு டிக்கெட், பாஸ், ஸ்பெஷல் பர்மிஷன் என்று எதுவும் கிடையாது. இருப்பதாக யார் சொன்னாலும் உங்களிடம் காசு பறிக்கத்தான் சொல்கிறார்.

எனவே மற்ற வேலைகளை விட்டுவிட்டு முதலில் முன்பணத்தைத் திருப்பிக் கேளுங்கள். போனில் வேண்டாம், வாட்ஸ்அப்பில் எழுத்தாகக் கேளுங்கள்: "சுரங்கத்துக்குள் போக வாங்கிய அனுமதிக் கடிதத்தின் நகலை அனுப்புங்கள், இல்லையென்றால் பணத்தைத் திருப்புங்கள்." கடிதம் வராது. பணமும் வராவிட்டால், அனுப்பிய ரசீதையும் அந்த உரையாடலையும் வைத்துக்கொண்டு 1930 என்ற எண்ணில் (ஆன்லைன் பண மோசடிக்கான உதவி எண்) புகார் சொல்லுங்கள். தள்ளிப்போடப் போட, பணம் திரும்பும் வாய்ப்பு குறையும்.

ஏன் விடுவதில்லை? பாரத் கோல்டு மைன்ஸ் நிறுவனம் 2001 பிப்ரவரி 28-ல் சுரங்கங்களை மூடியது. அதன் பிறகு தண்ணீரை வெளியேற்றும் பம்புகள் நின்றன, காற்று தள்ளும் விசிறிகளும் நின்றன. சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் அதிக ஆழம். வேலை நடந்த காலத்திலேயே அடி மட்டத்தில் பாறையின் வெப்பம் 60 டிகிரியைத் தாண்டும். குளிர்காற்று அனுப்பித்தான் ஆட்கள் நின்றார்கள். இன்று கீழ்மட்டங்களில் தண்ணீர் நிறைந்து கிடக்கிறது.

"ஆழத்துக்குப் போகவில்லை, வாசலில் 20 அடி மட்டும்" என்று ஏஜென்ட் அடுத்து சொல்வார். அந்த 20 அடியும் ஆளை முடித்துவிடும். காற்றோட்டம் இல்லாத சுரங்கத்தில் மக்கிப்போகும் மரத்தூண்களும் கந்தகம் கலந்த பாறையும் ஆக்சிஜனை மெல்ல உறிஞ்சிக்கொண்டே இருக்கும். மிஞ்சும் கெட்ட காற்றுக்கு வாடை கிடையாது, கண்ணுக்கும் தெரியாது. முதலில் தலை கனக்கும், பிறகு முழங்கால் துவளும், உதவிக்கு இறங்குகிறவரும் பக்கத்திலேயே விழுவார். 2020-ல் மாரிக்குப்பம் பக்கம் ஒரு பழைய ஷாஃப்டில் (சுரங்கத்துக்குள் இறங்கும் குழியில்) திருட்டுத்தனமாக இறங்கிய மூன்று பேர் இப்படித்தான் மூச்சுத்திணறி இறந்தார்கள். தொழில் தெரியாமலா அவர்கள் இறங்கியிருப்பார்கள்? உங்களுடையது 8 வயதுக் குழந்தை.

இன்னொன்று: "செக்யூரிட்டியிடம் சொல்லியாச்சு" என்பார்கள். அது மத்திய அரசு நிறுவனத்தின் நிலம். வேலி தாண்டிப் பிடிபட்டால் வழக்கு உங்கள் பெயரில்தான் வரும். ஏஜென்ட் ரோட்டில் காரோடு நிற்பார்.

விதிவிலக்கு உண்டா என்றால், ஒன்றே ஒன்றைச் சொல்லலாம். அதையும் விவரமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் அதைத்தான் இடைத்தரகர்கள் திரித்து விற்கிறார்கள். பொறியியல் கல்லூரி, பல்கலைக்கழக நிலவியல் துறை, ஆய்வு நிறுவனம் போன்றவை லெட்டர்ஹெட்டில், பொறுப்பாசிரியர் கையெழுத்துடன், வருகிறவர்களின் பெயர்ப் பட்டியலோடு ஊரிகாமில் உள்ள பாரத் கோல்டு மைன்ஸ் அலுவலகத்துக்கு (சுவர்ண பவன்) எழுதிக் கேட்கலாம். கிடைத்தால் எழுத்தில் கிடைக்கும். கேட்ட கல்லூரி அல்லது துறையின் பெயருக்குத்தான் கிடைக்கும், "நான்கு பேருக்கு" என்று சில்லறையாகக் கிடைக்காது. அப்போதும் பார்ப்பது தரைமேல் இருக்கும் கட்டடங்களையும் இயந்திரங்களையும்தான், கீழே இறக்க மாட்டார்கள். ஒரு கல்லூரி எப்போதோ வாங்கிய கடிதத்தின் ஜெராக்ஸைக் காட்டி "இதோ பர்மிஷன்" என்று யாராவது சொன்னால் தேதியைப் பாருங்கள், யார் பெயருக்கு என்று பாருங்கள், எந்த இடத்துக்கு என்று பாருங்கள். தாத்தா அங்கே வேலை பார்த்தார் என்பதற்காகவும் தனிச்சலுகை இல்லை. தாத்தா இருந்த லைன் வீட்டை (தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டிய வீடு) பார்க்க யாருடைய அனுமதியும் தேவையில்லை; பழைய ரேஷன் கார்டிலோ கடித உறையிலோ எந்த மைன், எந்த பிளாக் என்று பார்த்துக்கொண்டு போனால் போதும். அங்கே இன்றும் குடும்பங்கள் இருக்கின்றன, கேட்டுவிட்டுப் படம் எடுங்கள்.

ஜோகன்னஸ்பர்க்கில் பழைய தங்கச் சுரங்கம் ஒன்றின் மேல்மட்டத்தைப் பத்திரப்படுத்தி டிக்கெட் போட்டுக் காட்டுகிறார்கள். இங்கே 120 வருடம் தங்கம் எடுத்து, 800 டன் அளவுக்கு எடுத்தும் முடித்து, மூடிக் கால் நூற்றாண்டு அளவு ஆகிவிட்டது. எது எந்த ஷாஃப்ட் என்று சொல்ல ஒழுங்கான ஒரு பலகை இல்லை. நிலம் மத்திய அரசுடையது, சுற்றுலா மாநில அரசுடையது, ஃபைல் இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது. ஏஜென்ட்டுகளுக்கு இதைவிட வசதியான ஏற்பாடு வேறென்ன வேண்டும்?

அடுத்தது சயனைடு மலை. அது மலையே இல்லை. பாறையை மாவாக அரைத்து, சயனைடு கரைசலில் தங்கத்தைப் பிரித்தெடுத்த பிறகு கொட்டிய சக்கை. ஊரைச் சுற்றி இப்படிப் பெரிய மேடுகள் 13. படத்துக்கு அங்கே செட் போட்டார்கள் என்பது உண்மை; சினிமாவில் பார்த்த சுரங்கம் மட்டும் நிஜத்தில் எங்கும் இல்லை. எல்லாரும் சயனைடுக்குப் பயப்படுகிறார்கள். வெயில் பட்டுப் பட்டு அது பெரும்பாலும் சிதைந்துபோகும். பயப்பட வேண்டியது தூசிக்கு. டால்கம் பவுடர் மாதிரி மெல்லிய சிலிக்கா தூள் அது, நுரையீரலுக்குள் போனால் திரும்பி வராது. ஆடிக் காற்றில் பக்கத்து லைன் வீடுகளின் சோற்றிலேயே விழுகிறது என்று ஊர்க்காரர்கள் புலம்புவது இதைத்தான். மேலே ஏறுவதில் வேறு ஆபத்தும் உண்டு. மழைநீர் அறுத்த பள்ளங்கள் ஆளுயரத்துக்கும் மேல் இருக்கும், மேலே காய்ந்த ஓடு மாதிரி நிற்கும், கால் வைத்தால் உள்வாங்கும். ரோட்டிலிருந்தே பாருங்கள். காலை 9 மணிக்கு முன், அல்லது மாலை 4 மணிக்குப் பிறகு, பக்கவாட்டு வெளிச்சத்தில் அந்த வரிகள் நன்றாகத் தெரியும். காற்று அடித்தால் காரை விட்டு இறங்காதீர்கள். அம்மாவுக்கு ஆஸ்துமா இருந்தால் அந்தப் பக்கமே வேண்டாம். அடிவாரத்தில் தேங்கிய தண்ணீரில் பிள்ளைகள் கை நனைக்கக் கூடாது.

மேட்டுப் பக்கத்திலோ கடைத்தெருவிலோ "தங்கக் கல்" விற்க ஒருவர் வருவார். வெள்ளைக் கல்லில் மஞ்சளாக மினுக்கும். கடைசிக் காலத்தில் ஒரு டன் பாறைக்கு 3 கிராம் அளவில்தான் தங்கம் கிடைத்தது. கணக்குப் போட்டால் ஒரு கிலோ கல்லில் 3 மில்லிகிராம். அது கண்ணுக்கே தெரியாது. மினுக்குவது இரும்பும் கந்தகமும் சேர்ந்த பைரைட். பளபளப்பு பூசாத பீங்கானில், டைல்ஸின் பின்பக்கம் இருந்தாலும் போதும், உரசிப் பார்த்தால் கறுப்பாகக் கோடு விழும். தங்கமாக இருந்தால் கோடு மஞ்சளாக விழும். ஒருவேளை அது நிஜ சுரங்கக் கல்லாகவே இருந்துவிட்டால் இன்னும் மோசம், திருட்டுச் சொத்து உங்கள் பையில் இருக்கும்.

சரி, போகவே வேண்டாமா? தாராளமாகப் போங்கள். ஏஜென்ட் இல்லாமல் போங்கள்.

ஆம்பூரிலிருந்து பேரணாம்பட்டு, வி.கோட்டா வழி சுற்றில்லாத பாதை. காலை 6 மணிக்குக் கிளம்புங்கள். வி.கோட்டாவிலிருந்து பெத்தமங்களா வழியாகப் போனால் முதலில் ஏரி வரும். தங்கவயலுக்குக் குடிதண்ணீர் கொடுத்த ஏரி, பாலாற்றின் மேல் கட்டியது. உங்கள் ஊரில் மணலாகக் கிடக்கும் அதே ஆறுதான் என்று பிள்ளைகளுக்குக் காட்டலாம். கரையில் நடக்கலாம், குளிக்கக் கூடாது. வண்டல் கால்களைப் பிடித்துக்கொள்ளும்.

அடுத்து கம்மசந்திரா கோடிலிங்கேஸ்வரர் கோயில், தங்கவயலிலிருந்து 6 கிலோமீட்டர் அளவு. 108 அடி லிங்கம், எதிரே 35 அடி நந்தி. இங்கே 10 மணிக்குள் வந்துவிட வேண்டும். செருப்பு இல்லாமல் திறந்தவெளியில் நடக்கும் இடம், 11 மணிக்கு மேல் தரை கொதிக்கும், நிழல் குறைவு. அம்மாவுக்கும் சின்னவருக்கும் கனமான பருத்தி சாக்ஸ் எடுத்துப்போங்கள். உங்கள் பெயரில் லிங்கம் பிரதிஷ்டை செய்ய விரும்பினால் கோயில் கவுன்ட்டரில் ரசீது போட்டுச் செய்யுங்கள். வாசலில் "குறைத்து முடித்துத் தருகிறேன்" என்று வருகிறவரிடம் ஒரு பைசா கொடுக்காதீர்கள்.

தங்கவயலில் பிள்ளைகளுக்குப் பிடிப்பது எது தெரியுமா? ரயில். பங்காரப்பேட்டையிலிருந்து மாரிக்குப்பம் வரை சுமார் 16 கிலோமீட்டர் கிளைப் பாதை, சுரங்கத்துக்காகவே 1894-ல் போட்டது. கோரமண்டல், ஊரிகாம், சாம்பியன் என்று நிலையங்களின் பெயரே பழைய மைன்களை ஞாபகப்படுத்தும். ஊரிகாமிலிருந்து மாரிக்குப்பம் வரை பிள்ளைகளை ஏற்றிவிட்டு, காரை அங்கே கொண்டுபோய் நிறுத்திக்கொள்ளலாம். ஒரு சிக்கல் உண்டு. இந்த ரயில்கள் பெங்களூருக்கு வேலைக்குப் போகிறவர்களுக்காக ஓடுகின்றன. காலையில் அந்தப் பக்கம், இரவில் இந்தப் பக்கம். நடுப்பகலில் வண்டி குறைவு. ஓடும் நேரத்தை முந்தின நாளே ரயில்வே செயலியில் பார்த்துக்கொள்ளுங்கள், நிலையத்துக்குப் போய்க் காத்திருக்காதீர்கள்.

பிறகு சாம்பியன் ரீஃப் பக்கம் காரில் ஒரு சுற்று. கிஃபோர்டு ஷாஃப்டின் மேல் நிற்கும் இரும்புக் கோபுரத்தை ரோட்டிலிருந்தே பார்க்கலாம். ஆட்களை ஏற்றி இறக்கும் கூண்டின் கம்பிவடம் ஓடிய சக்கரம் இருக்கும் இடம் அதன் உச்சி. 13 வயதுக்காரரிடம் ஒன்று சொல்லுங்கள்: வளிமண்டல நியூட்ரினோவை (பாறையையும் ஊடுருவிப் போகும் நுண்துகள்) 1965-ல் உலகில் முதன்முதலாகப் பிடித்த இடங்களில் இந்தச் சுரங்கமும் ஒன்று. அருகில் வெற்றி மாதா தேவாலயம் இருக்கிறது. வழிபாட்டு நேரம் தவிர்த்துப் போங்கள். வேலி போட்ட காலி நிலத்தில் குறுக்கே நடக்காதீர்கள், மழைக்குப் பிறகு பழைய குழிகளின் மேல் தரை உள்வாங்குவது அங்கே சகஜம். மொழிப் பிரச்சினை இல்லை, கேட்டால் தமிழிலேயே வழி சொல்வார்கள்.

மதியச் சாப்பாடு ராபர்ட்சன்பேட்டையில், எம்.ஜி. மார்க்கெட்டைச் சுற்றி. பிரியாணியைப் பற்றி ஆம்பூர்க்காரருக்கு எடுத்துச் சொல்வது வேண்டாத வேலை. ராகிக் களியும் சாறும் கிடைக்கும் மெஸ்ஸாகப் பார்த்து, ஒரு மணிக்குள் உட்காருங்கள். டிரைவர் "நல்ல இடம்" என்று ஊருக்கு வெளியே ஓட்டினால் கமிஷன் என்று புரிந்துகொள்ளுங்கள்.

முல்பாகல் தோசையை இந்த நாளில் நுழைக்காதீர்கள். அது தங்கவயலில் கிடைக்கும் பண்டம் இல்லை, முல்பாகல் ஊருக்கே போக வேண்டும். தடிமனாக ஊற்றி, நெய் விட்டு, அடிப்பக்கம் செம்பழுப்பாக முறுகும்வரை வேகவிடுவார்கள், உள்ளே மெத்தென்று இருக்கும். அவசரப்பட்டால் கிடைக்காது, ஞாயிற்றுக்கிழமை காத்திருக்க வேண்டும். முல்பாகல், குருடுமலை விநாயகர், ஆவணி கோயில்கள் மூன்றையும் சேர்த்து வேறொரு நாள் வைத்துக்கொள்ளுங்கள்.

அந்தரகங்கை கோலாரில் இருக்கிறது, தங்கவயலிலிருந்து 30 கிலோமீட்டர். நந்தி வாயிலிருந்து ஊற்றுநீர் விழும் கோயில்வரை படிகள்தான்; குரங்குகளைச் சமாளித்தால் அம்மாவே மெதுவாக ஏறிவிடலாம். குகைகள் வேறு கதை. பாறை இடுக்கில் உடம்பைச் சுருக்கி ஊர்ந்து போக வேண்டும். அம்மாவுக்கு ஆகாது, சின்னவருக்கும் வேண்டாம். "நைட் ட்ரெக்" என்று விற்கிறவர்களை ஒதுக்குங்கள்; மலையேற்றம் என்றால் வனத்துறையின் ஆன்லைன் முன்பதிவில் இருப்பது மட்டும்.

வாடகைக் கார் எடுத்தால், மஞ்சள் போர்டா என்று பாருங்கள். இந்தப் பாதையில் தமிழ்நாடு, ஆந்திரா, கர்நாடகா என்று மூன்று மாநிலம் வரும். அகில இந்திய டூரிஸ்ட் பர்மிட் இருந்தால் அது போதும். இல்லையென்றால் ஆந்திராவுக்கும் கர்நாடகாவுக்கும் தனித்தனியாக வரி கட்டிய ரசீதை, கிளம்புமுன் டிரைவரிடம் வாங்கிப் பாருங்கள். "வழியில் கட்டிக்கலாம்" என்றால் செக்போஸ்ட்டில் அந்தப் பணம் உங்கள் தலையில் விழும். வெள்ளை போர்டு காரை வாடகைக்கு எடுத்தால் விபத்து நேரத்தில் இன்ஷூரன்ஸ் கைவிரித்துவிடும். சொந்தக் கார் என்றால் இந்தத் தொல்லை எதுவும் இல்லை.

மாலை 4 மணிக்கு தங்கவயலை விட்டுக் கிளம்பிவிடுங்கள். வி.கோட்டாவுக்குப் பிறகு வரும் மலைப்பாதை காட்டுக்குள் போகிறது, யானை நடமாட்டம் உள்ள பகுதி. இருட்டுமுன் பேரணாம்பட்டுக்கு இறங்கிவிட வேண்டும்.