தாம்சன் அளந்தது விகிதத்தை மட்டும்தானே?

எலக்ட்ரானைக் கண்டறிந்த இயற்பியலாளர் ஜே. ஜே. தாம்சன் 1897இல் அளந்தது மின்னூட்டத்துக்கும் நிறைக்கும் உள்ள விகிதத்தை மட்டும்தான் என்றால், எலக்ட்ரானின் நிறை மிகச் சிறியது என்று எப்படி முடிவு செய்தார்கள் என நீங்கள் கேட்டிருப்பது நியாயமான ஐயம். பல பாடநூல்கள் இந்த இடத்தை விரைந்து தாண்டிவிடுகின்றன.

கேதோடு கதிருக்கு (காற்று நீக்கிய குழாயின் எதிர்மின்வாயிலிருந்து வெளிவரும் எலக்ட்ரான் கற்றைக்கு) அவர் பெற்ற விகிதம் ஹைட்ரஜன் அயனிக்குரியதைவிடச் சுமார் ஆயிரம் மடங்கு பெரிது (இன்றைய மதிப்பு 1836). இதற்கு மின்னூட்டம் மிகப் பெரிதாக இருக்கலாம், அல்லது நிறை மிகச் சிறிதாக இருக்கலாம். அந்த ஆய்வு மட்டும் இதைத் தீர்க்காது. நிறையே சிறிது என்று தாம்சன் கருதியதற்கு ஜெர்மன் இயற்பியலாளர் லெனார்டின் சோதனை துணைநின்றது: மெல்லிய அலுமினியத் தகட்டை ஊடுருவி வெளிவந்த கதிர்கள் காற்றில் ஏறத்தாழ அரை சென்டிமீட்டர் சென்ற பின்னரே பாதியாகக் குறைந்தன. காற்று மூலக்கூறு ஒன்று மோதலின்றிச் செல்லும் தொலைவோ இதைவிடப் பல்லாயிரம் மடங்கு குறைவு என்பதால், கதிரில் உள்ள துகள் மூலக்கூறைவிட மிகச் சிறியதாகவே இருக்க வேண்டும்.

ஆனால் இது அனுமானமே. புற ஊதா ஒளி பட்ட உலோகத்திலிருந்து வெளிவரும் துகள்களின் விகிதத்தையும், வில்சனின் மேகத்துளி முறையால் (மின்னூட்டத் துகள்களின் மீது நீராவியைத் துளிகளாகப் படியவைக்கும் முறை) அவற்றின் மின்னூட்டத்தையும் 1899இல் தாம்சனே அளந்தபோதுதான், மின்னூட்டம் ஹைட்ரஜன் அயனியினுடையதை ஒத்தது, ஆகவே நிறைதான் மிகச் சிறிது என்பது தெரிந்தது. மின்னூட்டம் பெற்ற எண்ணெய்த்துளிகளின் இயக்கத்தை அளந்த அமெரிக்க இயற்பியலாளர் மில்லிகனின் சோதனை பின்னர் அந்த மதிப்பைத் துல்லியமாக்கியது. காற்றின் பாகுநிலைக்கு (துளியின் நகர்வைத் தடுக்கும் தன்மைக்கு) அவர் எடுத்துக்கொண்ட எண் பிழையானதால், அவருடைய விடை இன்றைய 1.602×10⁻¹⁹ கூலும்பைவிடச் சற்றே குறைந்திருந்தது.