அக்கா கிழித்த தாள்கள்

அன்புள்ள சார்,

எனக்கு 22 வயது. அனிமேஷன் படிக்க ஆசை. ஜப்பானிய இயக்குநர் மியாசாகியின் அனிமேஷன் படங்களைப் பார்த்து வளர்ந்தவன். கையால் வரைந்த அனிமேயில்தான் (ஜப்பானிய அனிமேஷனில்தான்) ஆன்மா இருக்கிறது, கம்ப்யூட்டரில் செய்வது பொம்மையை ஆட்டுவது என்பது என் எண்ணம். 'தி ஃபர்ஸ்ட் ஸ்லாம் டங்க்' என்ற அனிமே படம் சிஜி, அதாவது கம்ப்யூட்டரில் செய்தது, என்று தெரிந்ததும் அதைப் பார்க்கவே இல்லை. ஆனால் எங்கள் ஊரில் த்ரீடி வகுப்பு மட்டும்தான் இருக்கிறது. சேரலாமா? சம்பளம் மிகக் குறைவு என்கிறார்களே? ஏஐ வந்தபின் இது எதற்கு என்று வீட்டில் வேறு கேட்கிறார்கள்.

ச., விருதுநகர்

அன்புள்ள ச.,

சம்பளம் குறைவுதான். ஜப்பானிலேயே இடைப்படம், அதாவது இரண்டு முக்கிய நிலைகளுக்கு நடுவே வரும் படங்களை, வரைகிறவர்களுக்குப் பெரும்பாலும் வரைந்த தாளுக்கு இவ்வளவு என்றுதான் கூலி. தெரிந்தே வாருங்கள். ஏஐ பேச்சை இன்னொரு நாள் வைத்துக்கொள்வோம்.

ஆனால் ஸ்லாம் டங்கைப் பார்க்கவே இல்லை என்று எழுதியிருக்கிறீர்களே, அதைப் படித்ததும் கோபம் வந்தது. பார்க்காத படத்தைப் பொம்மை என்று எப்படிச் சொல்கிறீர்கள்? அதை இயக்கியவர் டகேஹிகோ இனோவே, அந்தக் கதையை மங்காவாக, அதாவது ஜப்பானியப் படக்கதையாக, வரைந்தவரேதான். கூடைப்பந்து ஆட்டக்காரர்களை ஆடவைத்து அசைவைப் பதிவு செய்தார்கள். அதிலிருந்து வந்த சிஜி உருவங்களின் மேல் இனோவே தன் கையால் திருத்தித் திருத்தி வரைந்து கொடுத்தார். இதில் எங்கே கை முடிந்து எங்கே கம்ப்யூட்டர் தொடங்குகிறது, சொல்லுங்கள். உங்கள் மியாசாகியே 1997இல் 'இளவரசி மோனோனோகே'யில் சாபம் பிடித்த காட்டுப்பன்றியின் மேல் நெளிகிறவற்றுக்குச் சில இடங்களில் கம்ப்யூட்டரைத் தொட்டவர்தான். 2008இல் 'போன்யோ'வுக்கு வேண்டாம் என்று ஒதுக்கிவைத்து, ஏறக்குறைய 1,70,000 படங்களைக் கையால் வரையவைத்தவரும் அவரே.

ஆன்மா என்கிறீர்கள். எனக்குப் பத்து வயதில் நடந்ததைச் சொல்கிறேன்.

அக்காவின் பழைய கணக்கு நோட்டு ஓரத்தில் நாய் ஓடுவதை வரைந்தேன். பக்கங்களைச் சரசரவென்று விட்டால் அது ஓட வேண்டும். ஒவ்வொரு படத்தையும் முந்தையதைப் பார்த்து, நூலிழை தள்ளித் தள்ளி, இரண்டு வாரம் வரைந்தேன். நாய் ஓடவில்லை. ஆற்றில் மிதந்து போகும் கட்டை மாதிரி நகர்ந்தது. நான்கு நாள் கழித்து அக்கா அடுப்புப் பற்றவைக்க அந்த நோட்டிலிருந்து அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தாள்களைக் கிழித்துவிட்டாள். நான் அழுத அழுகையில் பக்கத்து வீட்டுக்காரர்கள் வந்துவிட்டார்கள். அன்று சாயங்காலம் மிச்சமிருந்த பக்கங்களை விட்டுப் பார்த்தேன். நாய் காலை ஊன்றியது, எம்பியது, பாய்ந்தது.

ஏன் பாய்ந்தது என்று புரிய எனக்குப் பல வருடம் ஆயிற்று. சினிமாவில் நொடிக்கு 24 ஃபிரேம், அதாவது 24 அசையாத படங்கள் திரையில் ஓடும். டிவி அனிமேயில் பெரும்பாலும் அந்த நொடிக்குப் புதிதாக வரைவது 12 படம் அல்லது 8 படம்தான். 1963இல் மங்கா ஓவியர் ஒசாமு டெசுகா 'ஆஸ்ட்ரோ பாய்' தொடரை வாராவாரம் கொடுக்க வேண்டியிருந்தது. பணமும் இல்லை, ஆளும் இல்லை. ஒரே படத்தை மூன்று ஃபிரேமுக்கு நிறுத்தினார்கள். வேறு வழியில்லாமல் செய்தது அது. ஆனால் விட்ட இடத்தைப் பார்க்கிறவன் கண் இட்டு நிரப்பிக்கொண்டது. கெங்கா வரைகிறவர், அதாவது முக்கியமான நிலைகளை வரைகிறவர், இரண்டு நிலைகளுக்கு நடுவே எத்தனை படம், எது எதன் பக்கம் நெருங்கி வர வேண்டும் என்று தாளின் ஓரத்திலேயே குறித்துக் கொடுப்பார். எதை வரைய வேண்டாம் என்பதும் அந்தக் குறிப்பில் இருக்கிறது. கம்ப்யூட்டரிடம் இரண்டு நிலைகளைக் கொடுத்தால் நடுவில் உள்ள அத்தனையையும் அதுவாகவே நிரப்பிவிடும். அப்போது உருவம் மிதக்கும், என் நாய் மாதிரியே. என் நாயைக் கையால்தான் வரைந்தேன், தம்பி. கை இருந்தது, உயிர் இல்லை.

நல்ல சிஜிக்காரர்கள் என் அக்கா செய்ததைத்தான் தெரிந்து செய்கிறார்கள். 2014இல் வந்த 'கில்டி கியர் எக்ஸ்ஆர்டி' என்ற சண்டை விளையாட்டைப் பாருங்கள். முழுக்க த்ரீடி. ஆனால் கம்ப்யூட்டர் நடுவில் எதையும் நிரப்பாதபடி செய்துவிட்டு, ஒவ்வொரு நிலையையும் ஆள் உட்கார்ந்து அமைத்தார்கள், வெளிச்சம் உட்பட. பார்த்தால் வரைந்தது என்றே நினைப்பீர்கள்.

அப்புறம், கை தேவையில்லை என்று நான் சொன்னதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். மியாசாகியின் 'தி விண்ட் ரைசஸ்' (2013) படத்தில், ஜப்பானைக் குலுக்கிய 1923 கான்டோ நிலநடுக்கக் காட்சியில் கூட்டம் நகரும் ஒரு ஷாட் வருகிறது. நான்கே நொடி. அனிமேட்டர் எய்ஜி யாமாமோரி அதை வரைய 15 மாதம் ஆயிற்று. உழைப்பை நினைத்து மட்டும் நான் உருகவில்லை. அந்தக் கூட்டத்தில் யாரும் இன்னொருவரின் நகல் இல்லை. ஒவ்வொரு ஆளுக்கும் இவன் இப்படித்தான் நடப்பான் என்று ஒருவர் முடிவெடுத்திருக்கிறார். நான் அந்த நான்கு நொடியை நிறுத்தி நிறுத்தி ஒரு ராத்திரி முழுக்கப் பார்த்திருக்கிறேன்.

வகுப்பு பற்றிக் கேட்டிருந்தீர்கள். சேருங்கள். முதல் வாரமே, கம்ப்யூட்டர் நடுவில் நிரப்பாமல் 'ஸ்டெப்ட்' முறையில் வேலை செய்வது எப்படி என்று கேளுங்கள். சொல்லித்தர மறுத்தால் எனக்கு எழுதுங்கள். அதற்கு முன்னால் ஸ்லாம் டங்கைப் பாருங்கள். தொடக்கத்தில் ஐந்து பேரும் ஒவ்வொருவராகப் பென்சில் கோடாக எழுந்து நடந்து வருவார்கள். அந்த இடத்தில் உங்களுக்கு என்ன தோன்றியது என்று எனக்குத் தெரிய வேண்டும்.