சிசிடிவி பதிவைக் கைப்பேசியில் திருப்பிப் பார்த்தால் ஏன் மங்கலாக இருக்கிறது?

நீங்கள் கேட்டிருப்பது இது: வீட்டில் நான்கு கேமரா. ரெக்கார்டரில் இணைத்த டிவியில் படம் பளிச்சென்று தெரிகிறது, அதே காட்சியைக் கைப்பேசியில் திருப்பிப் பார்த்தால் முகமே அடையாளம் தெரியவில்லை. கேமரா கெட்டுவிட்டதா, மாற்ற வேண்டுமா?

மாற்ற வேண்டாம். கேமரா நன்றாகத்தான் இருக்கிறது. இன்று வீடுகளில் பொருத்தும் கேமராக்களில் பெரும்பாலானவை ஒரே காட்சியை இரண்டு விதமாக அனுப்புகின்றன. பெரிய படத்துக்கு மெயின் ஸ்ட்ரீம் என்று பெயர், சின்னப் படத்துக்கு சப் ஸ்ட்ரீம். பல ரெக்கார்டர்கள் இரண்டையுமே ஹார்ட் டிஸ்க்கில் எழுதி வைக்கும். கைப்பேசிச் செயலி, இணையம் திணறாமல் இருக்கட்டும் என்று சின்னதை எடுத்துக் காட்டுகிறது. திரையின் ஓரத்தில் எஸ்டி (சின்னப் படம்), எச்டி (பெரிய படம்) என்றோ வேறு பெயரிலோ ஒரு பொத்தான் இருக்கும். அதைத் தட்டி மாற்றிப் பாருங்கள், பாதிப் பிரச்சினை அங்கேயே தீர்ந்துவிடும்.

மீதிப் பாதிக்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். அது தெரியாமல் நாங்கள் ஒரு பொருளை இழந்திருக்கிறோம்.

நாங்கள் மலேசியாவில், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் பக்கம். தோட்டத்து லயத்தை, அதாவது தொழிலாளர் வரிசை வீட்டை விட்டு, தாமான் என்கிற குடியிருப்புப் பகுதி வீட்டுக்கு வந்த பிறகுதான் கேமரா பொருத்தினோம். அப்பா பால் மரம் சீவப் போன காலத்திலிருந்து வைத்திருந்த மோட்டார் சைக்கிள் வாசலில் நிற்கும். ஒரு வெள்ளிக்கிழமை இரவு அதைத் தள்ளிக்கொண்டு போய்விட்டார்கள். காலையில் கைப்பேசியில் பார்த்தேன். ஹெல்மெட் போட்ட இரண்டு பேர் இன்னொரு மோட்டாரில் வந்து இறங்குகிறார்கள். அந்த மோட்டார் திரும்பும்போது அதன் நம்பர் பிளேட் இரண்டு விநாடி நேராகக் கேமராவைப் பார்க்கிறது. என் கைப்பேசியில் அந்த இடம் வெறும் சாம்பல் கட்டம். பேராக் நம்பர் ‘ஏ’ என்ற எழுத்தில் தொடங்கும், அந்த முதல் எழுத்துகூடத் தெரியவில்லை. அந்தத் துண்டையே கைப்பேசியில் சேமித்து, வாட்ஸ்அப்பில் அனுப்பி, போலீஸ் புகாரோடு கொடுத்தேன். “இதைவிடத் தெளிவாக இல்லையா?” என்று கேட்டார்கள். இல்லை என்றேன். மாமா மகன் சொல்லி, அடுத்த வெள்ளிக்கிழமை மாலை ரெக்கார்டரில் தேடினால், அந்த இரவு அழிந்து அதன்மேல் புதுப் பதிவு ஏறியிருந்தது. மோட்டார் திரும்பி வரவில்லை.

ஏன் அழிந்தது என்பது சாதாரணக் கணக்குதான். எங்களுடையது 4 மெகாபிக்சல் கேமரா. மெயின் ஸ்ட்ரீம் விநாடிக்கு 4 மெகாபிட், அதாவது அரை மெகாபைட். ஒரு மணி நேரத்துக்கு 1.8 ஜிபி, ஒரு நாளைக்கு 43 ஜிபி. நான்கு கேமராவுக்கும் சேர்த்து 173 ஜிபி. 1 டிபி டிஸ்க் ஆறு நாளைக்குள் நிறைந்து, பழையதை அழித்து எழுத ஆரம்பித்துவிடும். சப் ஸ்ட்ரீம் 512 கிலோபிட் என்றால் ஒரு கேமராவுக்கு ஒரு நாளைக்கு ஐந்தரை ஜிபிதான். ரெக்கார்டரில் எச்.265 என்ற வீடியோ சுருக்கும் முறை இருந்தால் அதற்கு மாற்றிக்கொள்ளுங்கள். 2013இல் வந்த அந்த முறை, பழைய எச்.264ஐ விட ஏறக்குறைய பாதி இடத்தில் அதே தெளிவைத் தரும், அதே டிஸ்க்கில் நாட்களும் கூடும்.

அந்தச் சாம்பல் கட்டத்துக்கும் கணக்கு இருக்கிறது. எங்கள் மெயின் ஸ்ட்ரீம் 2560க்கு 1440 புள்ளிகள், சப் ஸ்ட்ரீம் 640க்கு 360. பெரிய படத்தில் 16 புள்ளி இருக்கும் இடத்தில் சின்னப் படத்தில் ஒரே புள்ளி. எங்கள் வாசலில் மோட்டார் நிற்கும் இடத்தில் கேமராவுக்குள் அடங்கும் அகலம் 8 மீட்டர். மெயின் ஸ்ட்ரீமில் மீட்டருக்கு 320 புள்ளி விழும், சப் ஸ்ட்ரீமில் 80. இஎன் 62676-4 என்ற கண்காணிப்புக் கேமரா தரநிலையின் 2015 பதிப்பில், முன்பின் தெரியாத ஒருவரை அடையாளம் காண மீட்டருக்கு 250 புள்ளியும், தெரிந்தவரை இவர்தான் என்று சொல்ல 125 புள்ளியும் வேண்டும் என்று இருக்கிறது. 80 புள்ளியில் என்ன தெரியும்? ஆள் வந்தது தெரியும், சட்டை நிறம் தெரியும், அவ்வளவுதான். மோட்டார் நம்பர் பிளேட் ஒரு சாண் அகலம், 20 செ.மீ. என்று வையுங்கள். சின்னப் படத்தில் அதற்குக் கிடைப்பது 16 புள்ளி, பெரிய படத்தில் 64. விரலால் எவ்வளவு பெரிதாக்கினாலும் அந்த 16 புள்ளி 16தான்.

இதற்காகச் சின்னப் படத்தை ஒதுக்கிவிடாதீர்கள். தேடுவதற்கு அதைப் போல வசதி வேறில்லை. நான்கு கேமராவையும் ஒரே திரையில் போட்டு 16 மடங்கு வேகத்தில் ஓட்டலாம், கைப்பேசியிலும் தடங்கலில்லாமல் ஓடும். மெயின் ஸ்ட்ரீமை அப்படி ஓட்டினால் ரெக்கார்டரே திணறும். ஒரே நேரத்தில் இத்தனை பெரிய படங்களைத்தான் விரித்துக் காட்ட முடியும் என்று அதற்கு ஓர் அளவு உண்டு. வெளியில் இருந்து பார்க்கும்போது, பதிவு உங்கள் வீட்டு இணையத்தின் அப்லோட் வழியாகத்தான் வருகிறது. லயங்களில் இன்னும் சிம் கார்டு மோடத்தை நம்பி இருப்பவர்களுக்கு எச்டியில் வட்டம் சுற்றிக்கொண்டே இருப்பது அதனால்தான்.

போன வருடம் பக்கத்து வீட்டு அத்தை காலையில் கூப்பிட்டார். “தம்பி, யாரோ கேட்டை இடிச்சிட்டுப் போய்ட்டாங்கப்பா, உன் கேமராவுல தெரியுதா பாரு.” நான் வேலையிடத்தில் இருந்தேன். கைப்பேசியில் சின்னப் படத்தை வேகமாக ஓட்டினேன். பத்து நிமிடத்தில் கிடைத்தது. செம்பனைக் குலை ஏற்றிய லாரி ஒன்று, முட்டுச் சந்தில் பின்னால் வந்து இடிக்கிறது. 7 மணி 12 நிமிடம். நேரத்தைத் துண்டுத்தாளில் குறித்துக்கொண்டு, மாலை வீட்டுக்கு வந்ததும் ரெக்கார்டரில் அதே நிமிடத்தை மெயின் ஸ்ட்ரீமில் எடுத்தேன். குலைகளுக்கு மேல் போட்டிருந்த வலையின் கண்ணிகூடத் தெரிந்தது. நம்பரைச் சத்தமாக வாசித்தேன், அத்தை என் தோளுக்குப் பின்னால் நின்று எழுதிக்கொண்டார். லாரிக்காரர்கள் வந்து பார்த்துவிட்டுக் கேட்டைச் சரி செய்து கொடுத்தார்கள்.

ஆகவே தேடுவது சின்னதில், ஆதாரம் எடுப்பது பெரியதில். எடுப்பதை அன்றைக்கே செய்யுங்கள், சனி ஞாயிறு போகட்டும் என்று விடாதீர்கள். ரெக்கார்டரில் பென்டிரைவைச் செருகி, சம்பவத்துக்கு ஐந்து நிமிடம் முன்னும் ஐந்து நிமிடம் பின்னும் சேர்த்து நகல் எடுங்கள். அங்கேயும் மெயினா சப்பா என்று கேட்டால் மெயினைக் கொடுங்கள். எங்கள் அளவில் பத்து நிமிடம் 300 எம்பிதான் வரும். கைப்பேசிச் செயலியில் வெட்டிச் சேமித்தால், பெரும்பாலும் அப்போது எது ஓடுகிறதோ அதுதான் சேமிக்கப்படும். எஸ்டியில் பார்த்துக்கொண்டே சேமித்தால் எஸ்டிதான் கிடைக்கும், நான் செய்தது அதுதான். வாட்ஸ்அப்பில் வீடியோவாக அனுப்பினால் அது இன்னும் சுருக்கிவிடும், டாக்குமெண்டாக அனுப்புங்கள். கம்ப்யூட்டரில் கறுப்புத் திரை மட்டும் வந்தால் பயப்பட வேண்டாம். எச்.265 பதிவாக இருக்கலாம், விஎல்சி என்ற வீடியோ பிளேயரில் திறந்து பாருங்கள். மூலக் கோப்பை மட்டும் எதுவும் செய்யாமல் அப்படியே வைத்திருங்கள்.

கடிகாரத்தையும் பார்த்துவிடுங்கள். இடி இடித்துக் கரண்டு போய் வந்த பிறகு சில ரெக்கார்டர்களில் நேரம் மாறிவிடும். நம் நேரம் ஜிஎம்டி +8. தெரிந்தவர் ஒருவர் வீட்டில் இந்திய நேரம் +5:30 என்று இருந்தது. திரையில் உள்ள நேரம் இரண்டரை மணி பின்தங்கியிருக்க, அவர் தவறான இடத்திலேயே இரண்டு நாள் தேடியிருக்கிறார்.

இன்னொன்று. எச்டியில் மாற்றியும் இரவுப் பதிவில் ஓடும் ஆள் இழுபட்டுத் தெரிந்தால், அதற்கு ஸ்ட்ரீம் காரணமில்லை. வெளிச்சம் குறைவாக இருக்கும்போது ஷட்டர் அதிக நேரம் திறந்திருப்பதால் அசைவு கலங்கிவிடும். வாசலில் ஒரு நல்ல விளக்குப் போட்டால் நிறைய மாறும்.

இன்றிரவே வீட்டில் ஒருவரைக் கேட்டுக்கு வெளியே நடந்து போகச் சொல்லுங்கள். பிறகு அதே நிமிடத்தை எஸ்டியிலும் எச்டியிலும் திருப்பிப் போட்டுப் பாருங்கள். இணையம் நன்றாக இருந்தும் எச்டியில் எதுவுமே வரவில்லை என்றால், ரெக்கார்டர் சப் ஸ்ட்ரீமை மட்டும் பதிவு செய்துகொண்டிருக்கலாம். அப்படியென்றால் பதிவு அமைப்பில் போய் மாற்ற வேண்டும். எந்த மெனு என்று தெரியாவிட்டால் ரெக்கார்டரின் அடியில் ஒட்டியிருக்கும் மாடல் எண்ணை இங்கே எழுதுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.