வீட்டில் செய்யும் பழ டார்ட்டின் அடிப்பகுதி நமுத்துப்போகாமல் மொறுமொறுப்பாக இருக்க என்ன செய்ய வேண்டும்?

டார்ட் என்றதும் எல்லோர் கண்ணும் மேலே அடுக்கிய பழங்களின் மீதுதான் போகும். நான் முதலில் பார்ப்பது அதன் அடிப்பக்கத்தை. அங்கே நல்ல பொன்னிறம் இருந்தால் மற்றவை பெரும்பாலும் சரியாகவே அமைந்திருக்கும்.

கீழே மாவு ஓடு, நடுவே கிரீம், மேலே பழம். மேலுள்ள இரண்டிலும் நீர் நிறைய உண்டு. ஓட்டிலோ நீர் தங்கவே கூடாது. ஆகவே ஓட்டிலிருந்து நீரை வெளியேற்றுவது, பிறகு அதைத் திரும்ப உள்ளே விடாமல் காப்பது என்ற இரண்டையும் கவனித்தால் உங்கள் சிக்கல் தீர்ந்துவிடும்.

ஓட்டுக்கு எடையில் மூன்று பங்கு மைதா, இரண்டு பங்கு வெண்ணெய், ஒரு பங்கு பொடித்த சர்க்கரை என்பது நம்பகமான கணக்கு. 23 செ.மீ. அச்சுக்கு 180 கிராம் மைதா, 120 கிராம் வெண்ணெய், 60 கிராம் சர்க்கரை, ஒரு முட்டையின் மஞ்சள் கரு, ஒரு சிட்டிகை உப்பு போதும். குளிர்ந்த வெண்ணெயைச் சிறு துண்டுகளாக்கி, மைதாவும் சர்க்கரையும் கலந்த கலவையில் விரல் நுனியால் தேய்த்து, ஈர மணல் போல உதிரும் பதத்துக்குக் கொண்டுவாருங்கள். பிறகு மஞ்சள் கருவைச் சேர்த்து ஒன்றுதிரட்டினால் போதும், பிசையவே கூடாது. பிசையப் பிசைய மாவில் குளூட்டன் என்ற இழுவைத்தன்மை தரும் புரதம் வலுப்பெறும். அப்படிப்பட்ட ஓடு வேகும்போது ஓரங்கள் சுருங்கிக் கீழே இறங்கும்; கடித்தால் ரப்பராக இழுக்கும். திரட்டிய மாவை மூடி ஃப்ரிட்ஜில் ஒரு மணி நேரம் வையுங்கள். ஏறக்குறைய 3 மில்லிமீட்டர் தடிமனுக்குத் தேய்த்து அச்சில் பரப்பிய பிறகு இன்னும் அரை மணி நேரம் குளிர வையுங்கள். இந்த இரண்டாவது முறையைப் பலர் விட்டுவிடுகிறார்கள். குளிர்ந்து இறுகிய வெண்ணெய்தான் சூட்டில் ஓரங்கள் சரியாமல் தாங்கிப் பிடிக்கிறது.

அடுத்து, ஓட்டைத் தனியாக வேகவைப்பது. முள்கரண்டியால் அடியில் ஆங்காங்கே குத்தி, மேலே பேக்கிங் காகிதம் விரித்து, உலர்ந்த பயறு அல்லது அரிசியை விளிம்பு வரை நிரப்புங்கள். அந்தப் பாரம் அடி உப்பாமல் பார்த்துக்கொள்ளும். 180 டிகிரி செல்சியஸில் 15 முதல் 20 நிமிடம் ஆனதும் காகிதத்தையும் பயறையும் எடுத்துவிட்டு, வெறும் ஓட்டை மேலும் 10 நிமிடம் போல வேகவிடுங்கள். ஓரம் சிவந்ததுமே வெளியே எடுத்துவிடத் தோன்றும். அவசரப்படாதீர்கள். நடுப்பகுதி வெளிறியிருந்தால் அதில் ஈரம் இன்னும் இருக்கிறது என்று பொருள். நிறத்தை நம்புங்கள், கடிகாரத்தை அல்ல. என் கணிப்பில், வீட்டு டார்ட்டுகள் நமுத்துப்போவதற்கு முக்கியமான காரணம் இந்தக் கடைசிப் பத்து நிமிடத்தைச் சுருக்கிவிடுவதுதான்.

ஓடு முழுதும் ஆறிய பின், உருக்கிய வெள்ளை சாக்லேட்டைத் தூரிகையால் உட்புறம் மெல்லியதாகப் பூசி இறுகவிடுங்கள். அதிலுள்ள கொழுப்பு நீரை ஓட்டுக்குள் விடாது. சாக்லேட் வேண்டாமென்றால், பயறை எடுத்தபின் வேகும் அந்தப் பத்து நிமிடத்தின் இறுதியில் அடித்த முட்டை வெள்ளைக்கருவைப் பூசி இரண்டு மூன்று நிமிடம் காயவிடலாம். நான் சாக்லேட்டையே விரும்புகிறேன்.

கிரீமுக்கு 400 மி.லி. பால், நான்கு மஞ்சள் கரு, 80 கிராம் சர்க்கரை, 35 கிராம் கார்ன்ஃப்ளோர், கொஞ்சம் வெனிலா. கருவையும் சர்க்கரையையும் கார்ன்ஃப்ளோரையும் கட்டியில்லாமல் அடித்து, சூடான பாலை அதில் சிறிது சிறிதாக ஊற்றிக் கலக்கி, மீண்டும் அடுப்பில் வைத்துக் கைவிடாமல் கிளறுங்கள். கெட்டியானதும் நிறுத்திவிட வேண்டாம். குமிழிகள் வெடித்துக் கொதிக்கத் தொடங்கிய பிறகும் ஒரு நிமிடமாவது கிளற வேண்டும். மஞ்சள் கருவில் அமைலேஸ் என்ற நொதி இருக்கிறது. அது மாவுச்சத்தைச் சிதைக்கும். கொதியில் அது செயலிழக்காவிட்டால், இரவு கெட்டியாக இருந்த கிரீம் காலையில் தளர்ந்து ஒழுகும். முட்டை திரிந்துவிடுமோ என்ற பயம் வேண்டாம். மாவுச்சத்து இருப்பதால் அது எளிதில் திரியாது. இறக்கி 25 கிராம் வெண்ணெய் கலந்து, ஏடு படியாதபடி கிரீமின் மேற்பரப்பைத் தொட்டவாறே பிளாஸ்டிக் தாளால் மூடி ஃப்ரிட்ஜில் ஆறவையுங்கள். வெதுவெதுப்பாக இருக்கும்போதே ஓட்டில் நிரப்பினால் இத்தனை நேரம் பட்ட பாடு வீண்.

பழங்களைக் கழுவிய கையோடு அடுக்கிவிடாமல், துணியில் பரப்பி ஒற்றி உலர்த்துங்கள். ஸ்ட்ராபெரி, ப்ளூபெரி, திராட்சை, அதிகம் கனியாத மாம்பழம் ஆகியவை நன்றாக நிற்கும். தர்பூசணி இதற்கு ஆகாது. வெட்டிய இடத்திலெல்லாம் நீர்விடும். ஆப்பிளும் வாழைப்பழமும் கறுத்துவிடும் என்பதால் எலுமிச்சைச் சாறு தடவ வேண்டும். கிவி, அன்னாசி, பப்பாளி ஆகியவற்றில் புரதத்தைச் சிதைக்கும் நொதிகள் உள்ளன. அவை பச்சையாகப் பால் கிரீமின் மேல் நெடுநேரம் இருந்தால் கிரீம் நீர்த்துக் கசக்கும், ஜெலட்டினையும் இறுகவிடா. இவற்றைப் போடுவதென்றால் பரிமாறுவதற்குச் சற்று முன் போடுங்கள். கண்ணில் பட்ட பழங்களையெல்லாம் ஒரே டார்ட்டில் அடுக்குவதை நான் ஆதரிப்பதில்லை. புளிப்பு ஒன்று, இனிப்பு ஒன்று என இரண்டு இருந்தால் ஒவ்வொன்றின் சுவையும் தனித்துத் தெரியும்.

பளபளப்புக்கு ஆப்ரிகாட் ஜாமுடன் ஒரு கரண்டி நீர் சேர்த்துச் சூடாக்கி வடிகட்டிப் பழங்களின் மேல் பூசினால் போதும். பழம் காய்ந்து சுருங்குவதையும் அது தடுக்கும்.

முட்டை சேர்க்காதவர்கள் ஓட்டில் மஞ்சள் கருவுக்குப் பதிலாக ஒன்றிரண்டு தேக்கரண்டி குளிர்ந்த பாலைச் சேர்க்கலாம். கிரீமில் கருவை நீக்கி கார்ன்ஃப்ளோரை 45 கிராமாக உயர்த்தலாம்.

விருந்துக்குச் செய்கிறீர்கள் என்றால் வேலையை இரண்டு நாளுக்குப் பிரித்துக்கொள்ளுங்கள். முந்தைய நாளே ஓட்டை வேகவைத்துக் காற்றுப் புகாத டப்பாவிலும், கிரீமை ஃப்ரிட்ஜிலும் வைத்துவிடலாம். பரிமாறுவதற்கு இரண்டு மூன்று மணி நேரம் முன்பு கிரீமை அடித்து இளக்கி நிரப்பிப் பழம் அடுக்கி, சாப்பிடும் வரை ஃப்ரிட்ஜிலேயே வையுங்கள். மீந்ததை மறுநாளைக்குள் சாப்பிட்டுவிடுங்கள். அதற்குள் ஓட்டின் மொறுமொறுப்பு கொஞ்சம் குறைந்திருக்கும். சாக்லேட் பூசிய ஓடு என்றாலும் ஒரு நாளுக்கு மேல் முழுதாகத் தாக்குப்பிடிக்காது.